டெக்சஸில் 34 ஏக்கர் வாங்கியாயிற்று. அரசு உதவிக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்டினில் ஐடி வேலை. நீங்களும் மச்சானும் சேர்ந்து போன மாதம் மைலம் கவுண்டியில் 34 ஏக்கர் வாங்கியிருக்கிறீர்கள். பாதி கரிசல், பாதி மணலும் முள்காடும், நடுவில் தூர்ந்துபோன ஒரு குட்டை. ஆடு வளர்க்கும் எண்ணம். அரசு உதவி என்று தேடினால் நூறு திட்டங்களின் பெயர் வருகிறது, எது நமக்கு என்று தெரியவில்லை. இதற்கு நடுவே ஒருவர் 500 டாலர் கொடுத்தால் 'கிராண்ட்' வாங்கித் தருகிறேன் என்கிறார். உங்களுக்குக் கிரீன் கார்டு இருக்கிறது, மச்சான் இன்னும் எச்1பி.

அந்த 500 டாலரைக் கொடுக்காதீர்கள். மண், நீர்ப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. படிவத்தை நிரப்ப உதவுவதும் அந்தத் திட்டங்களை நடத்தும் அரசு அலுவலகத்தில் இருப்பவர்களின் வேலைதான்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் முதலில் செய்ய வேண்டிய ஒன்று. 1978ஆம் ஆண்டு வேளாண் நில வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இங்கே எல்லோரும் 'அஃபிடா' என்பார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத ஒருவர் விவசாய நிலத்தில் பங்கு வாங்கினால், வாங்கிய 90 நாளுக்குள் எஃப்எஸ்ஏ-153 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். எச்1பி காரர் இந்தக் கணக்கில் 'வெளிநாட்டு நபர்'. பத்து ஏக்கருக்குள் சின்னத் தோட்டமாக இருந்து, விளைபொருள் விற்பனையும் ஆண்டுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டாமல் இருந்தால் விட்டுவிடுவார்கள். உங்களுடையது 34 ஏக்கர், மச்சான் பெயர் பத்திரத்தில் இருக்கிறது. ஆகவே அவர் படிவம் போட்டாக வேண்டும். போடாவிட்டால் அவருடைய பங்கின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நிலத்தை விற்றுக்கொடுத்த புரோக்கர் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இந்த வாரமே முடித்துவிடுங்கள். மச்சான் தானே இறங்கிப் பண்ணை வேலை செய்யலாமா, வருமானத்தில் பங்கு எடுக்கலாமா என்பது வேறு கேள்வி. அதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

சரி, எந்தக் கதவு? நம் ஊரில் விஏஓ, சிட்டா, அடங்கல், வேளாண் விரிவாக்க மையம் என்று ஒரு வரிசை இருக்கிறது இல்லையா, இங்கேயும் அப்படி ஒன்று உண்டு. யுஎஸ்டிஏ (அமெரிக்க வேளாண் துறை) சர்வீஸ் சென்டர் என்பது அதன் பெயர். ஃபார்மர்ஸ் டாட் கவ் தளத்தில் கவுண்டியின் பெயரைத் தட்டினால் முகவரியும் தொலைபேசி எண்ணும் வரும். பெரும்பாலும் ஊர் ஓரத்தில் ஒரு சாதாரணக் கட்டடம். வாசலில் கொடிக்கம்பம், வண்டி நிறுத்துமிடத்தில் சேறு படிந்த பிக்கப் வண்டிகள். உள்ளே போனால் பொதுவாக இரண்டு அலுவலகம் இருக்கும். ஒன்று எஃப்எஸ்ஏ எனும் பண்ணைச் சேவை முகமை. பதிவு, பணம், கடன், வறட்சி நிவாரணம் எல்லாம் அவர்கள் கையில். இன்னொன்று என்ஆர்சிஎஸ் எனும் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை. மண், நீர், புல், மரம் அவர்கள் துறை. பல இடங்களில் அதே கூரையின் கீழ் மண், நீர்ப் பாதுகாப்பு மாவட்டத்தின் மேசையும் ஒன்று இருக்கும்.

இவை ஏன் கவுண்டி கவுண்டியாகப் பிரிந்து கிடக்கின்றன, ஏன் ஒரே துறைக்கு இரண்டு கவுன்ட்டர் என்று எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. வரலாற்றைப் படித்தபிறகுதான் புரிந்தது. 1933இல் விளைபொருள் விலை அடிமட்டத்துக்குப் போனபோது, பயிர்ப் பரப்பைக் குறைக்கும் விவசாயிகளுக்குப் பணம் கொடுக்க அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. யார் எவ்வளவு விதைத்தார் என்று வாஷிங்டனில் இருந்து எப்படிப் பார்ப்பது? உள்ளூர் விவசாயிகளையே கொண்டு கவுண்டிக் குழு அமைத்தார்கள். இன்றைய எஃப்எஸ்ஏ அந்த வழியில் வந்தது. இப்போதும் ஒவ்வொரு பகுதியிலும் மூன்று முதல் பதினோரு பேர் கொண்ட குழுவை விவசாயிகளே தேர்ந்தெடுக்கிறார்கள். பதிவு செய்துகொண்டால் உங்களுக்கும் ஓட்டு உண்டு.

அதே காலத்தில் சமவெளி மாநிலங்களில் புழுதிப் புயல். மேல்மண் வானத்தில் பறந்தது. ஹியூ ஹாமண்ட் பென்னட் என்ற மண்ணியலாளர் அப்போது காங்கிரஸ் எனும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மண் பாதுகாப்புக்காக வாதாடிக்கொண்டிருந்தார். ஒரு புழுதிப் படலம் வாஷிங்டனை நோக்கி வருவது தெரிந்து, அது வரும்வரை பேச்சை இழுத்துக்கொண்டிருந்தார், ஜன்னலுக்கு வெளியே வானம் மங்கியதும் வேறு வாதமே தேவைப்படவில்லை என்று சொல்வார்கள். 1935 ஏப்ரல் 27 அன்று சட்டம் நிறைவேறியது. அதில் பிறந்த மண் பாதுகாப்புச் சேவைதான் 1994இல் என்ஆர்சிஎஸ் என்று பெயர் மாறியது. ஆனால் அரசு ஆள் வந்து என் நிலத்தில் என்ன செய்யணும் என்று சொல்வதா என்று விவசாயிகள் முறைத்தார்கள். அதற்காகவே உள்ளூர்க்காரர்கள் நடத்தும் பாதுகாப்பு மாவட்டங்கள் வந்தன. முதலாவது 1937இல் வட கரோலினாவில், பென்னட்டின் சொந்தக் கவுண்டியில். டெக்சஸில் மட்டும் இப்போது 216 இருக்கின்றன. நாடு முழுக்கக் கிட்டத்தட்ட மூவாயிரம்.

இப்போது வேலைக்கு வருவோம். திட்டத்தின் பெயரைத் தேடாதீர்கள். நான் முதல் தடவை போனபோது கையில் ஆறேழு திட்டங்களின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. "ஃபார்ம் நம்பர் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ அதை முதல்ல முடிச்சுடலாம்" என்று நாற்காலியைக் காட்டினார்.

ஃபார்ம் நம்பர் எனும் பண்ணைப் பதிவு எண் இல்லாமல் இந்த உலகத்தில் நீங்கள் விவசாயியே இல்லை. அதை வாங்க, பதிவான பத்திரத்தின் நகல், அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு எஃப்எஸ்ஏ பக்கம் உட்காருங்கள். உங்கள் 34 ஏக்கர் ஒரு பெரிய பண்ணையில் இருந்து வெட்டி விற்றதாக இருந்தால், பழைய எண்ணைப் பிரித்து உங்களுக்குப் புதிய எண் போட வேண்டும். 'ரீகான்' என்பார்கள். இதற்குக் கொஞ்சம் நாளாகும். முடிந்ததும் ஒரு வான்படத்தை அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள். உங்கள் வேலி, குட்டை, ஒற்றை ஓக் மரம் வரை அதில் தெரியும். மேலே கோடு போட்டு ஒவ்வொரு வயலுக்கும் எண்ணும் ஏக்கரும் இரண்டு தசமப் புள்ளி வரைக்கும் எழுதியிருக்கும். என் படத்தை நான் பிரேம் போடாத குறைதான்.

கூடவே சில கையெழுத்து வாங்குவார்கள். அவற்றில் இரண்டைக் கவனமாகப் படியுங்கள். ஒன்று சிசிசி-941, வருமான உறுதிமொழி. மூன்று ஆண்டுச் சராசரி வருமானம் 9,00,000 டாலருக்கு மேல் போனால் பெரும்பாலான உதவிகளுக்குக் கதவு மூடிவிடும். நம்மில் பலருக்கு அந்தக் கவலை இல்லை. இன்னொன்று ஏடி-1026. எளிதில் அரிக்கும் நிலத்தைத் திட்டமில்லாமல் உழ மாட்டேன், ஈரநிலத்தை வடித்துச் சாகுபடிக்கு மாற்ற மாட்டேன் என்பது அதன் சாரம். 1985 பண்ணைச் சட்டம் வைத்த நிபந்தனை இது. நிலத்தில் ஒரு மூலையில் தண்ணீர் தேங்குகிறதே, புல்டோசர் வைத்துச் சமன்படுத்திவிடலாம் என்று தோன்றும். அதைத் தொடுவதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். அது ஈரநிலம் என்று முடிவானால், அந்த மூலைக்காக உங்கள் பண்ணை முழுவதற்குமான உதவி நின்றுபோகலாம்.

மச்சான் கூட்டாளி என்பதால் ஒரு குறிப்பு. 'எல்எல்சி போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிறுவனமாகப் போனால் அதன் ஒவ்வொரு உறுப்பினரின் விவரத்தையும் கேட்பார்கள். புதிய விவசாயி என்ற சலுகைக்கு எல்லா உறுப்பினரும் தகுதி பெற வேண்டும். யாருடைய குடியேற்ற நிலைக்கு எந்த உதவி பொருந்தும் என்பதை முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகக் கேளுங்கள். மறைத்துப் பின்னால் மாட்டுவதைவிட இது நல்லது.

இதன்பிறகுதான் என்ஆர்சிஎஸ் பக்கம். அங்கே சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "என் நிலத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று வேண்டும், வந்து பார்க்க முடியுமா?" இது இலவசம். பணம் எதுவும் பிறகு கிடைக்காவிட்டாலும் இந்த ஒரு நடை உங்களுக்கு லாபம்தான்.

என் நிலத்துக்கு வந்தவர் வண்டியை விட்டு இறங்கியதும் ஒரு மண்வெட்டியையும் இரும்புக் கம்பி ஒன்றையும் எடுத்துக்கொண்டார். நான் காட்ட நினைத்த இடங்களுக்கு வரவே இல்லை. நேராக மாட்டுத்தடம் சரிவில் இறங்கும் இடத்துக்குப் போனார், கம்பியை மண்ணில் அழுத்தினார். நாலு அங்குலத்தில் நின்றுவிட்டது. "இங்கே மழை உள்ளே போகல, உன் குட்டைக்குத்தான் போகுது, மண்ணையும் கூட்டிக்கிட்டு" என்றார். அதுவரை என் பிரச்சினை குட்டை தூர்வது என்று நினைத்திருந்தேன். அவர் பார்த்தது மேட்டில் புல் இல்லாததை. ஒரு மணி நேரம் நடந்ததில் மண்வெட்டியால் ஏழெட்டு இடத்தில் தோண்டினார், வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று விரலால் அளந்தார், மண்புழு இருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில்தான் கேட்டார், "நீ என்ன செய்யணும்னு நினைக்கிறே?"

அவர்கள் மொழியில் இதற்கு 'வளக் குறைபாடு' என்று பெயர். அரிப்பு, இறுகிய மண், பற்றாத மேய்ச்சல், எட்டாத தண்ணீர். இந்தக் குறைதான் உங்களைத் திட்டத்துக்குள் கொண்டுபோகும். எனக்கு வேலி வேண்டும் என்று கேட்டால் யாரும் தர மாட்டார்கள். மேய்ச்சலை நான்கு பாத்தியாகப் பிரித்துச் சுழற்றினால்தான் இந்த மேடு மீளும், அதற்கு உள்வேலியும் ஒவ்வொரு பாத்தியிலும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தால், அப்போது வேலிக்குப் பணம் வரும். எல்லை வேலிக்கு அல்ல, உள்வேலிக்கு. இந்த வித்தியாசம் புரியாமல்தான் பலர் 'அரசாங்கம் ஒண்ணும் தராது' என்று திரும்பிவிடுகிறார்கள்.

அவர் வருவதற்கு முன் நீங்களும் கொஞ்சம் தயாராகலாம். 'வெப் சாயில் சர்வே' என்ற அரசுத் தளத்தில் உங்கள் நிலத்தைச் சுற்றிக் கோடு வரைந்தால் மண்ணின் பெயர், ஆழம், சரிவு எல்லாம் வந்துவிடும். உங்கள் கரிசல் பாதியில் 'ஹியூஸ்டன் பிளாக்' என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். டெக்சஸின் மாநில மண் அது. கோவில்பட்டிக் கரிசலும் இதுவும் ஒரே வகையறா. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். முள்காட்டுப் பாதியில் இருக்கும் மெஸ்கீட் மரம் நம்ம சீமைக் கருவேலத்தின் பங்காளி, அதே குணம்தான். பக்கத்து நிலத்தில் வைக்கோலுக்கு வளர்க்கும் 'பெர்முடா' புல் என்ன தெரியுமா? அருகம்புல். அதன் ஒட்டு ரகம் ஒன்றை இங்கே ஆயிரக்கணக்கான ஏக்கரில் வளர்க்கிறார்கள். பிள்ளையாருக்குப் பஞ்சமே இல்லை. குட்டையை இங்கத்திய விவசாயி 'டேங்க்' என்பார். நம் பொதுப்பணித் துறைக் கோப்புகளில் ஏரிக்கு அதே சொல்தான். ஆக மொழி தெரியாத ஊருக்கு வந்துவிட்டோம் என்று பயப்பட வேண்டாம்.

உங்கள் நிலைக்கு முதன்மையான திட்டம் ஈக்விப், அதாவது சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம். 1996 பண்ணைச் சட்டத்தில் வந்தது. முள்காடு அழித்தல், உள்வேலி, ஆடுமாட்டுக்குக் குழாயும் தொட்டியும், மூடுபயிர், புல் விதைப்பு, காய்கறிக்கு பாலித்தீன் போர்த்திய உயர்கூடாரம், சொட்டுநீர் எல்லாம் இதில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் அடிக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு என்று மாநிலவாரியாக என்ஆர்சிஎஸ் ஆண்டுதோறும் ஒரு விலைப்பட்டியல் வெளியிடும். அந்தப் பட்டியல் விலைப்படிதான் பணம். உங்கள் ரசீதில் என்ன இருக்கிறது என்பது பொருட்டில்லை. மதிப்பிட்ட செலவில் 75 சதவீதம் வரை தருவார்கள். பத்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பண்ணை நடத்தாத புதிய விவசாயி என்றால் 90 சதவீதம் வரை, அதில் பாதியை முன்பணமாகவும் கேட்கலாம். அதற்கு எழுத்தில் உறுதி சொல்ல வேண்டும். நிலத்தில் நீங்களே உழைத்து, நீங்களே முடிவெடுத்து நடத்துபவராகவும் இருக்க வேண்டும். சனி ஞாயிறு மட்டும் வந்து படம் எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

முன்பணம் வாங்காவிட்டால் வேலையை முடித்து, அவர்கள் வந்து தரம் அளந்து பார்த்தபிறகுதான் காசு வரும். கம்பத்துக்கும் கம்பத்துக்கும் இடைவெளி, மூலைக்கம்பத்தின் ஆழம், கம்பியின் தடிமன் எல்லாம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஓர் அடி தள்ளிப்போனாலும் பார்ப்பார்கள். வேலிக்குக் காசு வாங்கினால் இருபது ஆண்டு அதைப் பராமரிக்கும் பொறுப்பும் சேர்ந்தே வரும்.

இப்போது நான் முட்டாளான கதை. விண்ணப்பம் போட்டு ஆறு மாதம் ஆகிவிட்டது. பதில் இல்லை. வேலி கட்டும் ஆள் ஒருவன் அந்த மாதம் மலிவாகக் கிடைத்தான். எப்படியும் வரப்போகிற பணம்தானே என்று சுமார் 2,200 அடி உள்வேலியைக் கட்டி முடித்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அழைப்பு வந்தது, என் விண்ணப்பம் தேர்வாகிவிட்டதாம். மகிழ்ச்சியோடு போய் வேலி முடிந்துவிட்டது என்றேன். எதிரே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன் தொடங்கிய வேலைக்குப் பணம் கிடையாது. முன்கூட்டியே எழுத்தில் விலக்கு வாங்கியிருந்தால் ஒழிய. தொட்டிக்கும் குழாய்க்கும் மட்டும் கிடைத்தது. வேலிச் செலவு முழுக்க என் பையில் இருந்து போயிற்று. குற்றம் சொல்ல ஆளில்லை, விண்ணப்பத்திலேயே அந்த வரி இருந்தது. நான் படிக்கவில்லை. நீங்கள் ஒரு கம்பம்கூட நடாதீர்கள்.

ஈக்விப்பில் விண்ணப்பம் ஆண்டு முழுக்க வாங்குவார்கள், ஆனால் ஒரு தேதியில் கட்டு கட்டித் தரவரிசை போடுவார்கள். அந்தத் தேதி மாநிலத்துக்கு மாநிலம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். தேதிக்கு முன் ஃபார்ம் நம்பரும் தகுதிப் படிவங்களும் முடிந்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் போனால் ரீகான் முடியாமலே அந்த ஆண்டு போய்விடும். மதிப்பெண் குறைவாக வந்து தவறினாலும் மனம் விடாதீர்கள், விண்ணப்பத்தை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லலாம். எந்தக் குறைக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதில் உள்ளூர்ப் பணிக்குழுவின் பேச்சுக்கும் இடம் உண்டு. பாதுகாப்பு மாவட்டம் கூட்டும் அந்தக் கூட்டங்களுக்குப் போனால் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். காபியும் டோனட்டும் உண்டு. அங்கே கை தூக்கி 'சின்ன ஆட்டுப் பண்ணைக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்' என்று சொன்னால் காதில் விழும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிஎஸ்பி என்பது ஏற்கெனவே நன்றாகப் பராமரிப்பவர்களுக்கு, ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆண்டுதோறும் பணம். ஈக்விப்பில் மேட்டைச் சரிசெய்தபிறகு அதைப் பற்றி யோசியுங்கள். சிஆர்பி 1985இல் வந்தது. சாகுபடி நிலத்தைப் பத்து முதல் பதினைந்து ஆண்டு பயிரில் இருந்து விடுவித்துப் புல்லோ மரமோ வைத்தால் ஆண்டு வாடகை தருவார்கள். நிலம் உங்கள் கைக்கு வந்து பொதுவாக ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். ஆடு வளர்க்க நினைக்கும் உங்களுக்கு இப்போதைக்கு அது பொருந்தாது. கடன் வேண்டுமென்றால் எஃப்எஸ்ஏயின் மைக்ரோலோன் 50,000 டாலர் வரை. கடனுக்குக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும்.

வறட்சி நிவாரணத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது டெக்சஸ். 2011 வறட்சியில் இங்கே மாடுகளை விற்றுத் தள்ளியதை இன்னும் பேசுகிறார்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் தேசிய வறட்சி வரைபடம் வெளியாகும். மேய்ச்சல் பருவத்தில் உங்கள் கவுண்டி அதில் குறிப்பிட்ட நிலையைத் தொட்டால், மேய்ச்சல் இழப்புக்கான எல்எஃப்பி நிவாரணம் அந்தக் கவுண்டிக்குத் திறக்கும். ஆடும் அதில் சேரும். ஆனால் உங்கள் மேய்ச்சல் ஏக்கரை எஃப்எஸ்ஏயில் பரப்பு அறிக்கையாகப் பதிந்திருக்க வேண்டும். புல்லுக்கு எதற்கு அறிக்கை என்று விட்டுவிட்டவர்கள் வறட்சி வந்தபோது கையைப் பிசைந்தார்கள். உங்கள் பயிருக்குரிய தேதியைக் கேட்டுப் போன் காலண்டரில் போட்டுவிடுங்கள்.

ஆடு செத்தால் எல்ஐபி என்று ஒன்று உண்டு. கடுங்குளிர், வெள்ளம், மின்னல் போன்ற இயற்கைச் சீற்றத்தில் வழக்கத்தைவிட அதிகம் இறந்தால் சந்தை விலையில் ஒரு பங்கு கிடைக்கும். கொயோட்டி என்ற ஓநாய் இனம் அடித்தால் கிடைக்காது. ஆனால் 'பிளாக் வல்ச்சர்' எனும் கருங்கழுகுகள் பிறந்த குட்டியைக் கொத்திக் கொன்றால் கிடைக்கும். அவை மத்தியச் சட்டம் பாதுகாக்கும் பறவை, நீங்கள் அனுமதியில்லாமல் சுட முடியாது, ஆகவே நஷ்டத்துக்கு அரசு பொறுப்பு. குட்டி போடும் பருவத்தில் தேதியோடு படம் எடுத்து வைப்பதைப் பழக்கமாக்குங்கள்.

அடுத்தது சொத்து வரி. உங்களுக்குக் கையில் உடனடியாக நிற்கும் பணம் இதுதான், ஆனால் யுஎஸ்டிஏவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வரிக்காக நில மதிப்பைக் கணக்கிடும் கவுண்டி மதிப்பீட்டு மாவட்டத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 'ஏஜி எக்செம்ப்ஷன்' (விவசாய வரிவிலக்கு) என்று ஊரே சொன்னாலும் அது விலக்கு இல்லை. நிலத்தைச் சந்தை விலைக்குப் பதிலாக விளைச்சல் மதிப்பில் கணக்கிடுவது, அவ்வளவுதான். முந்தைய ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு நிலம் விவசாயத்தில் இருந்திருக்க வேண்டும். விற்றவருக்கு அது இருந்தது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உரிமையாளர் மாறினால் நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், ஏப்ரல் 30க்குள். ஏக்கருக்கு எத்தனை ஆடு இருந்தால் ஒப்புக்கொள்வார்கள் என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறும், கேட்டு எழுதி வாங்குங்கள். ஐந்து முதல் இருபது ஏக்கர் வரை தேனீ வளர்ப்புக்கும் இது கிடைக்கும். நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால் மூன்று ஆண்டு வரி வித்தியாசத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். மச்சான் அங்கே வீடு கட்டும் ஆசையில் இருந்தால் எத்தனை ஏக்கரை அதற்கு ஒதுக்குவது என்று இப்போதே பேசிவிடுங்கள். இதோடு மாநில வரியைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலரிடம் இலவசமாக ஒரு ஏஜி எண் வாங்கினால் பண்ணைக்கான வேலிக்கம்பி போன்றவற்றுக்கு விற்பனை வரி இல்லை.

பணம் கொடுக்காத, ஆனால் பணத்தைவிட உதவும் இரண்டு பேரைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. ஒருவர் கவுண்டி ஏஜென்ட், டெக்சஸ் ஏ அண்ட் எம் அக்ரிலைஃப் விரிவாக்கத்தின் ஆள். இந்த வழக்கம் 1906இல் டெக்சஸில் ஸ்மித் கவுண்டியில் தொடங்கி, 1914 சட்டத்தால் நாடு முழுக்கப் பரவியது. ஆட்டுக்குப் புழு மருந்து எப்போது, மண் பரிசோதனைக்கு மாதிரி எப்படி எடுப்பது என்பதற்கு அவரைத்தான் கேட்க வேண்டும். இன்னொருவர் மாநில வனவிலங்குத் துறையின் உயிரியலாளர். ஆடு சரிவராவிட்டால் வனவிலங்கு மேலாண்மைக்கு மாற அவர் வழி சொல்வார். இருவருமே இலவசம். மாநில மண், நீர்ப் பாதுகாப்பு வாரியத்துக்கும் 1993 முதல் நீர்த்தரத் திட்டம் ஒன்று இருக்கிறது, செலவுப் பகிர்வோடு. ஈக்விப் தவறினால் பாதுகாப்பு மாவட்டத்தில் அதைக் கேளுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 2025இல் யுஎஸ்டிஏ முழுக்க ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டுப் போனார்கள். ஒரே ஆள் இரண்டு மூன்று கவுண்டியைப் பார்க்கும் இடங்கள் இருக்கின்றன. முன்பதிவு இல்லாமல் 60 மைல் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். போனை எடுக்காவிட்டால் மின்னஞ்சல் அனுப்புங்கள், இரண்டு வாரம் கழித்துப் பணிவாக இன்னொன்று. ஈக்விப்புக்கும் சிஎஸ்பிக்கும் 2025 ஜூலைச் சட்டம் 2031 வரை நிதி ஒதுக்கியிருக்கிறது, ஆகவே திட்டம் ஓடிப்போய்விடாது.

நிலத்தைப் பார்க்க அவர் தேதி கொடுத்தால், முந்தின நாள் மழை பெய்ததா என்று நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்கள். பெய்திருந்தால் வேறு நாள் கேளுங்கள். அந்தக் கரிசலில் அரசு வண்டி புதைந்துவிட்டால், இழுத்து வெளியே எடுக்க உங்களிடம் இன்னும் டிராக்டர் இல்லை.